எனக்கு எட்டு மீட்டர் முன்னால் வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. உனக்கு பெர்த்தில் எட்டு மணி, எங்களுக்கு இங்கே மெல்போர்னில் பத்து தாண்டிவிட்டது, அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். உன் ஆபீஸில், நம் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப் எசண்டனின் ரசிகர்கள் இரண்டு பேர் அகப்பட்டதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம். அந்த ஊர் கிளப்களான வெஸ்ட் கோஸ்ட், ஃப்ரீமாண்டல் கூட்டத்துக்கு நடுவில் மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு சங்கம்தான். "நம்ம கிளப்பிலேயே இதுவரைக்கும் வேகமான ஆள் யாருப்பா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நீயே சொல்லிவிட்டாய்: ஆடம் சாட், ஜிபிஎஸ் கணக்கு இருக்கிறது, பேச்சே இல்லை என்று.

பேச்சு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சாட் வேகமான ஆள்தான், மறுக்கவில்லை. 2018இல் கோல்ட் கோஸ்ட் கிளப்பிலிருந்து வந்தார். பின்வரிசையில் அவர் கைக்குப் பந்து வந்தால் போதும், நீ சோபாவை விட்டு எழுந்து நின்றுவிடுவாய். மூன்று சீசன் ஆடிவிட்டு 2020 முடிவில் கிளம்பிவிட்டார். போகட்டும், ஆனால் போயும் போயும் கார்ல்டனுக்கா? சரி, விடு. ரத்தக்கொதிப்பு மாத்திரை இன்னும் போடவில்லை.

ஜெர்சியில் முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பையில் அந்த ஜிபிஎஸ் கருவியை வைத்துத் தைத்திருப்பார்களே, அது காலின் வேகத்தைத்தான் சொல்லும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்று காட்டினால் விநாடிக்கு 10 மீட்டர். பந்தோடு ஓடுகிறவன் 15 மீட்டருக்கு ஒரு தடவை அதைத் தரையில் தட்டியாக வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் ஒன்றரை விநாடிக்கு ஒரு தட்டு. அதுவும் உருண்டைப் பந்தா? கோழிமுட்டை மாதிரி. சாய்த்து, முன்னால் எறிந்து, மூக்கு சரியான கோணத்தில் தரையில் பட்டால்தான் கைக்குத் திரும்பும். வேகம் கூடக்கூட இன்னும் தள்ளி எறிய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கான ஆஸ்கிக் பயிற்சிக்கு நீ போன முதல் சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? தட்டிய பந்து உன் முழங்காலில் பட்டு, பக்கத்துப் பையனின் ஆரஞ்சுப் பழத்தட்டில் போய் விழுந்தது. அழுதது நீ இல்லை, அந்தப் பையன்.

நூற்றைம்பது வருஷக் கிளப்பில் யார் வேகம் என்று பார்க்க ஜிபிஎஸ் உதவாது. அதற்கு ஸ்டாவெல் ஊர் ஓட்டப்பந்தயம்தான் வழி. (எழுத்தில் ஸ்டாவெல், ஊர்க்காரர் வாயில் ஸ்டால். நான் டிக்கெட் கவுன்ட்டரில் ஸ்-டா-வெ-ல் என்று கேட்டு முழித்த கதை உனக்குத் தெரியும்.) ஈஸ்டர் சமயத்தில் 1878இலிருந்து அங்கே நடக்கிற ஓட்டம், புல்தரையில் 120 மீட்டர். எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. யாருக்கு என்ன வேகம் என்று பார்த்து, மெதுவானவரை இத்தனை மீட்டர் முன்னால் நிறுத்திவிடுவார்கள். கடைசிக் கோட்டில் நிற்பவன்தான் பெரிய ஆள், எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியவன். தூக்கம் வராத அன்றைக்கு நான் இந்த ஓட்டத்தை, நம் கிளப்பின் பழைய மைதானமான விண்டி ஹில்லில், மனசுக்குள் நடத்திப் பார்ப்பேன். கோடு போடுகிறவன் நான், விசில் அடிக்கிறவனும் நான்தான்.

முதலில் 1923 ஆட்கள். எசண்டன் கிளப் நாற்பது வருஷம் ஈஸ்ட் மெல்போர்ன் மைதானத்தில் ஆடிவிட்டு, அந்த இடம் ரயில்வேக்குப் போனதும் 1922இல்தான் சொந்த ஊருக்குத் திரும்பியது. திரும்பி வந்த கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆறு பேர் ஐந்தடி ஆறு அங்குலமோ அதற்கும் கீழோ. என்னைவிடக் குள்ளம்! ஊரில் வைத்த பெயர் 'கொசுப் படை'. அந்தக் கொசுக்கள் 1923, 1924 இரண்டு வருஷமும் கோப்பையைத் தூக்கின. கடித்துவிட்டுப் பறந்திருப்பார்கள் போல. கனத்த தோல் பூட்ஸ், மழையில் ஊறி இரும்பாகிற பந்து, சேறு. இவர்களுக்குப் பத்து மீட்டர் முன்னால் தருகிறேன்.

அடுத்தவர் நார்ம் மெக்டொனால்ட். இவரைப் பற்றி எனக்குச் சொன்னது பழைய வீட்டுப் பக்கத்து வேலித் தாத்தா. நீ அவரை 'தக்காளித் தாத்தா' என்பாய். சின்ன வயதில் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாராம். நார்ம், எசண்டனுக்கு ஆடிய முதல் பூர்வகுடி வீரர். 1947இல் வந்தார், 128 ஆட்டம், 1949, 1950 இரண்டு கோப்பை. 1951இல் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கமும் அவருக்குத்தான். பின்வரிசையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார். சாட் செய்ததை எழுபது வருஷம் முன்னாலேயே செய்தவர் என்று வைத்துக்கொள். தாத்தா விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பவர், குழாயைக் கீழே போட்டுவிட்டு வலது கையை வேலி மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சர்ரென்று இழுப்பார். அவ்வளவுதான். அப்புறம் குனிந்து குழாயை எடுத்துக்கொள்வார். அவர் கைக்கு நான் ஆறு மீட்டர் கொடுத்திருக்கிறேன்.

இனி என் ஆள். 1993 செப்டம்பர் 25, நீ பிறக்கவே இல்லை. நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம். எதற்கு ஆறு புள்ளி, எதற்கு ஒரு புள்ளி என்பதே அரைகுறையாகத்தான் தெரியும். தாத்தா வீட்டு டிவியில்தான் பார்த்தேன். இறுதி ஆட்டம், எதிரில் கார்ல்டன். முதல் கால்பகுதியிலேயே மைக்கேல் லாங்குக்கு நடு மைதானத்தில் பந்து கிடைத்தது. தட்டினார், ஓடினார், மறுபடி தட்டினார். ஒருவன் குறுக்கே வந்தான், இடுப்பு லேசாகத் திரும்பியது, அவன் காற்றைப் பிடித்தான். பிறகு கோல். பார்ப்பதற்கு அவர் வேகமாக ஓடுகிற மாதிரியே இல்லை பாப்பா. மற்றவர்கள் எல்லாரும் ஏதோ தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சட்டம் புரியவில்லை, ஆனால் சட்டம் தேவைப்படவில்லை. தாத்தா பிஸ்கட் தட்டை என் மடியில் கவிழ்த்துவிட்டார். அன்று எசண்டன் 44 புள்ளியில் ஜெயித்தது, இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் லாங்குக்கு. நான் எசண்டன்காரன் ஆனது அந்த ஒரு ஓட்டத்தில்தான்.

துரத்துகிற வேகம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் உன் ஜிபிஎஸ் பெரிதாக மதிக்காது. ஆல்வின் டேவி 2007இல் வந்த புதிதில், பந்தை வைத்திருக்கும் எதிராளி திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் அவர் எடுக்கும் முதல் பலன், பந்து தானாக நழுவிவிடும். 2022இல் அவருடைய இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரையும் நம் கிளப்பே எடுத்தது. அப்புறம் டிவியில் 'டேவி' என்று சத்தம் கேட்டால், அம்மா சமையலறையிலிருந்து "எந்த டேவி?" என்பாள்.

ஆக, லாங்கை எங்கே நிறுத்துவது? கடைசிக் கோட்டில், சாட்டுக்குப் பக்கத்தில். உனக்காக இந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். ஒரே கோட்டில் விட்டால், பந்தில்லாத ஓட்டத்தில் சாட் ஒரு அடி முந்தலாம். கையில் பந்தைக் கொடுத்தால் லாங். இதற்கு மேல் பேரம் கிடையாது.

2004 நவம்பர் உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை, நீ இரண்டாம் வகுப்பு. தன் பூர்வகுடி மக்களின் நிலைமையைப் பிரதமர் ஜான் ஹோவர்டிடம் நேரில் பேசவேண்டும் என்று லாங் மெல்போர்னிலிருந்து கான்பராவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பாதி வழியிலேயே, பார்க்கிறேன் என்று பிரதமர் சொல்லியனுப்பினார். அதற்கு முன்னால் 1995இல், மைதானத்தில் தன்னை இனத்தைச் சொல்லி ஏசியதைப் பொறுத்துப் போகாமல் புகார் கொடுத்தவரும் அவர்தான். அந்த வருஷமே லீக் அதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் உனக்கு அப்போது இதெல்லாம் இல்லை. செய்தியில் அவர் நெடுஞ்சாலை ஓரமாக நடப்பதைப் பார்த்துவிட்டு, "அவர்தான் வேகமா ஓடுவாராமே, ஏம்பா நடக்கிறார்?" என்று கேட்டாய். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா, "முட்டி வலியாயிருக்கும்" என்றாள்.

இந்த வருஷமும் ரிச்மண்ட் ஆட்டத்துக்கு முன்னால் ஃபெடரேஷன் ஸ்கொயரிலிருந்து எம்சிஜி மைதானம் வரை, லாங் நடந்ததை நினைத்து நடக்கும் அந்த நடைக்குப் போனேன். கூட்டம் நல்ல கூட்டம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள், பேசிக்கொண்டே. என் முட்டிக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். அம்மாவிடம் இதைப் பற்றி ரொம்ப விசாரிக்காதே, பட்டியல் போட்டுவிடுவாள்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? கிளப் பயிற்சியெல்லாம் டுல்லமரீனுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, விண்டி ஹில் பக்கம் சாயங்காலம் நாய்களும் நானும்தான். நம் தெருவில் சாக்கட்டியால் 20 மீட்டர் கோடு போட்டு உன்னை ஓடவிட்டு, என் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்போமே, அதே மாதிரி அங்கே ஒரு கோடு போட்டு வைக்கிறேன். நீ கடைசிக் கோட்டில் நில். பந்து உன் கையில். எனக்கு எட்டு மீட்டர் முன்னால் வேண்டும். ஸ்கேனில் ஏதாவது வந்தால் பத்து.

அன்புடன்,
அப்பா