வலிக்க வலிக்க அமுக்காதே

அன்புத் தோழிக்கு,

ஸ்கேனில் உன் கணவர் காலில் ரத்தக்கட்டு எதுவும் இல்லை, தசைப் பிடிப்புதான் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்று போனில் "அவர் காலை அமுக்காதே, உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ" என்று நான் போட்ட சத்தத்தில் நீ மிரண்டு போயிருப்பாய். நீண்ட விமானப் பயணம், ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீக்கம், தொட்டால் சூடு என்று நீ சொன்னதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மணிக்கணக்காகக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் உறைந்துவிடலாம். அந்த இடத்தைப் பிசைந்துவிட்டால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் அந்த அவசரம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உனக்குக் கழுத்தும் தோளும், அவருக்குக் கெண்டைக்கால், எந்த மசாஜ் நல்லது என்று கேட்டிருந்தாய். எனக்கு இதில் தெரிந்ததெல்லாம் அம்மாவின் கையிலிருந்து தொடங்கியது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மார்பில் அறுவைச் சிகிச்சை செய்தபோது அம்மாவுக்கு அக்குளில் இருந்த, திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள் அல்லவா? ஒரு வருடம் கழித்து அந்தக் கை வீங்கத் தொடங்கியது. தேங்கிய நீரை மேலே தள்ளிவிட்டால் வடிந்துவிடும் என்று நினைத்து, நான் தினமும் இரவில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட்டேன். கை சிவந்து இன்னும் கனத்ததுதான் மிச்சம். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணெய் கிடையாது. வீங்கிய கையை அவர் முதலில் தொடவே இல்லை. கழுத்தோரம், நல்ல பக்கத்து அக்குள், இடுப்பு மடிப்பு என்று முடிச்சுகள் நன்றாக வேலை செய்கிற இடங்களில்தான் ஆரம்பித்தார். விரல்களைத் தட்டையாக வைத்துத் தோலை மட்டும் மெல்ல இழுத்து விடுவார், இழுத்து விடுவார், அவ்வளவுதான். "போகிற வழியைத் திறக்காமல் தண்ணீரைத் தள்ளி என்ன பயன்?" என்று கேட்டார். நிணநீரை உறிஞ்சும் நுண்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன. தோல் லேசாக இழுபடும்போது அவை திறந்து நீரை வாங்கிக்கொள்கின்றன. சதை வரை போய் அழுத்துவதற்கு அங்கே தேவையே இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930-களில் உருவாக்கிய முறை இது. முடிந்ததும் கையில் அடுக்கடுக்காகத் துணிக்கட்டுப் போட்டுவிட்டு, கட்டோடு செய்யச் சில பயிற்சிகளும் சொல்லித் தந்தார். உண்மையைச் சொன்னால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைப்பதில் பெரும்பங்கு அந்தக் கட்டுக்குத்தான். ஆனால் அந்த மெல்லிய தொடுதல் முடிந்ததும் "கை என் கையாக இருக்கிறது" என்று அம்மா சொன்னாரே, அதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றிலிருந்து, அழுத்தம் கூடக் கூடப் பலன் கூடும் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்துவிடும்.

உன் கழுத்துக்கு வருவோம். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் குனிந்திருப்பதால் வரும் இறுக்கத்துக்கு ஸ்வீடிஷ் மசாஜே போதும். பெயரில்தான் ஸ்வீடன் இருக்கிறது, அதன் அசைவுகளை வகைப்படுத்திப் பெயர் வைத்தவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோஹான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது அந்த முதல் நீவுதல்தான். நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போது அவை நன்றாக வேலை செய்யும். அவசர அவசரமாகத் தேய்த்தால் அந்தச் சுகம் வராமல் போவது இதனால்தான்.

ஆனால் உனக்குத் தோளில் ஒரு தசை முடிச்சு இருக்கிறது, அதைத் தொட்டால் நெற்றிப்பொட்டு வரை வலி ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு வேறு வைத்தியம். வலி தெரிகிற இடம் ஒன்று, வலியைக் கிளப்புகிற இடம் வேறொன்று என்பதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்க மருத்துவர். கென்னடி ஜனாதிபதியாக இருந்தபோது அவருக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தவர். அப்படிப்பட்ட முடிச்சின் மேல் அரை நிமிடம், ஒரு நிமிடம் நிலையாக அழுத்திப் பிடித்தால் பல பேருக்கு இளகுகிறது. சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து நீயே செய்து பார்க்கலாம். "சுகமான வலி" என்று சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள். மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கழுத்தின் முன்பக்கத்தை மட்டும் யாரையும் அமுக்க விடாதே. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது.

உன் கணவருக்கு முதல் சில நாட்கள் ஓய்வு, பிறகு மெல்லிய நீவல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைதல். விளையாட்டு வீரர்களுக்குச் செய்யும் மசாஜும் இந்த வகைதான். பழக்கமில்லாத வேலை செய்தால் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை உடம்பு வலி உச்சத்தில் இருக்கும், அதை இது கொஞ்சம் குறைக்கும். தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்று சொல்வதை மட்டும் நம்பாதே. ஓய்வெடுத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் அது தானாகவே குறைந்துவிடும்.

தாய்லாந்து மசாஜ் பற்றிக் கேட்டிருந்தாய். பாயில் படுக்க வைத்து, உடையோடு, உள்ளங்கை, முழங்கை, பாதம் எல்லாவற்றாலும் அழுத்தி உடம்பை வளைத்து நீட்டுவார்கள். 2019-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அருமையான கலை, ஆனால் உனக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்று சொல்லியிருக்கிறார்களே, அதனால் வேண்டாம். பாத மசாஜ் தாராளமாகச் செய்துகொள், தூக்கம் நன்றாக வரும். பாதத்தில் இந்தப் புள்ளியை அமுக்கினால் சிறுநீரகம் சரியாகும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

மசாஜுக்குப் போகும்போது எலும்பு விஷயத்தையும் நீ சாப்பிடும் மாத்திரைகளையும் நீயாகவே முதலில் சொல்லிவிடு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசான அழுத்தமே கன்றிப்போகும். காய்ச்சலோ தோலில் புண்ணோ இருந்தால் அன்றைக்குத் தள்ளிப்போடு. வலித்தால் உடனே வாய்விட்டுச் சொல். அம்மா மாதிரிப் பொறுத்துக்கொண்டு கிடக்காதே.

இன்று ஞாயிற்றுக்கிழமை, கையின் சுற்றளவை அளக்கிற நாள். அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். உன் கணவர் கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி