காலாவதியான பாடத்தை நீக்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: டிஜிட்டல் ஊடகம், தொழில்நுட்பம், சமூகம் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள்

பெறுநர்: உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: பாடத்திட்டத்தைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக

பார்வை: இதே பொருளில் எங்களது முந்தைய மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில்கூட வரவில்லை. எங்கள் வளாகம் தாங்கள் அறியாததல்ல. நூலகத்தின் பின்புறப் படியேறினால் வரும் இரண்டாம் மாடிக் கணினி ஆய்வகத்தை ஆய்வின்போது தாங்களே பார்வையிட்டீர்கள். அன்று எல்லாக் கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் என்ன ஓடியது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

1. மூன்றாம் பருவத்தில் ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருள் கொண்டு இணையப் பக்கம் அமைப்பது கட்டாயச் செய்முறைத் தாள். அதில் செய்ததை உலாவியில் ஓட்டிக்காட்டும் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. உலாவிகளும் அதைக் கைகழுவிவிட்டன.

2. எங்களை அதிகம் வாட்டுவது இதுதான், ஐயா. பக்கம் திறக்காது என்பதால், திரையில் வரவேண்டியதைச் செய்முறைப் பதிவேட்டில் அடிக்கோல் வைத்துப் பென்சிலால் வரைகிறோம். பந்து ஒன்று இடமிருந்து வலம் உருள வேண்டும். அதற்கு, அசைவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் காலக்கோட்டில் 24 கட்டங்கள். அசைவு தொடங்கும் முதல் கட்டத்திலும் முடியும் கடைசிக் கட்டத்திலும் கரும்புள்ளி. அந்தப் புள்ளியை வைக்க மறந்த தோழிக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. பந்து உருளாததற்காக அல்ல. யாருடைய பந்தும் உருளவில்லை! அந்தத் தாளில் அரியர் வைத்திருப்பவர்கள் மறுபடியும் அதே பந்தை வரைந்துதான் பட்டம் வாங்க வேண்டும். வேலைக்கான நேர்முகத்தில் ஒருவர் இந்தப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஓவியப் படிப்பா?" என்று கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை.

3. படிப்பின் பெயரில் 'சமூகம்' இருக்கிறது, பாடத்தில் இல்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் என்பதைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'சமூக வலைத்தளங்கள்' என்ற அலகு மட்டும் உண்டு. அதில் ஆர்குட்டில் கணக்குத் தொடங்கும் முறையை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது, ஐயா. மூடிய கதவில் எந்தப் பொத்தானை அழுத்துவது?

4. துறையில் கேட்டால் பாடத்திட்டக் குழு கூட வேண்டும் என்கிறார்கள். குழுவில் கேட்டால் தங்கள் உத்தரவு வேண்டுமாம். தங்கள் அலுவலகத்தில் கேட்டால் பல்கலைக்கழகத் தீர்மானம் வரட்டும் என்கிறார்கள். மூன்று மனுக்களும் இந்த மூன்று மேசைகளில்தான் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் எங்களோடு சேர்ந்து அந்தப் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

5. இரண்டாவது பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம்.

அடுத்த செய்முறைத் தேர்வுக்கு முன் ஃபிளாஷ் தாளை நீக்கி, அதனிடத்தில் இன்றைய உலாவிகளில் ஓடும் எச்டிஎம்எல் 5-ஐ வைக்க ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முழுப் பாடத்திட்டமும் இப்போதே மாற வேண்டாம். அந்த ஒரு தாளையாவது நீக்குங்கள். ஒரு வரி உத்தரவு போதும், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இறுதியாண்டு மாணவர்கள்

இணைப்பு: செய்முறைப் பதிவேட்டின் ஒரு பக்கம், நகல் (பந்து, 24 கட்டங்கள், பென்சில்)