வெள்ள எச்சரிக்கையைத் தெருவாரியாக, அடிக்கணக்கில் அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அடையாற்றங்கரைக் குடியிருப்போர், முடிச்சூர், தாம்பரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் தெருக்களில் வெள்ள உயரக் குறி வரைதல், அதன்படி எச்சரிக்கை வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

மழை வலுத்தால் எங்கள் பகுதியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "செம்பரம்பாக்கத்தைத் திறந்துட்டாங்களா?" 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே, முடிச்சூரைத் தாண்டிய பிறகு. எங்களைச் சூழும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்து வருவது. "இன்னும் திறக்கலையாம்" என்று கேட்டுவிட்டுத் தரைத்தளத்தில் நிம்மதியாகப் படுக்கும் குடும்பங்களை நினைத்துத்தான் எங்களுக்குப் பெரிய கவலை.

சிவப்பு எச்சரிக்கை என்பது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பதற்கானது. மாவட்டம் முழுவதற்கும் வருவது. இரண்டு முறை நம் தெருவில் தூறலோடு நின்றுவிட்டால் மூன்றாம் முறை யாரும் பொருட்படுத்துவதில்லை. இதை அலட்சியம் என்று தள்ளிவிடக் கூடாது. ஏரித் திறப்பு அறிவிப்பும் அப்படித்தான்: ஒரு கன அடி சுமார் 28 லிட்டர் என்று தெரிந்தவருக்கும், தன் வீட்டு மின்மீட்டர் மூழ்குமா என்பது அந்தக் கணக்கில் தெரியாது.

எனவே ஒவ்வொரு தெருவிலும் 2015 வெள்ள மட்டத்தைச் சிவப்புப் பட்டையாகவும், அதற்குக் கீழே ஒவ்வோர் அடியையும் எண்ணோடும் எனாமல் பெயின்டால் குறிக்க வேண்டுகிறோம். உயரத்தைச் சாலையிலிருந்து அளக்கவே கூடாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போடும்போதெல்லாம் சாலை உயர்ந்துவிடுகிறது, குறி பொய்யாகிவிடும். சர்வேயரைக் கொண்டு கடல்மட்டத்திலிருந்து எடுத்த மட்டமே நிலைக்கும். மின்கம்பங்களில் மட்டும் வரைந்தால் அவற்றை மாற்றிவிடுவார்கள் என்பதால் ரேஷன் கடை, பள்ளிச் சுவர், மேல்நிலைத் தொட்டித் தூண் ஆகியவற்றிலும் வரைய வேண்டும். பாலத் தூண்களிலும் அதே மட்டத்தில் அளவுகோல் வேண்டும்; ஆற்றில் இத்தனை அடி ஏறினால் எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்பதை அப்போதுதான் ஒப்பிட முடியும்.

மேல் ஏரிகளில் கலங்கல் பாயத் தொடங்கியதும் கிராம உதவியாளர் வழியாக உடனே தகவல் வரட்டும். எச்சரிக்கையின் வாசகம் இப்படி இருந்தால் போதும்: "இன்றிரவு 2 மணிக்குள் இந்தத் தெருவில் 3 அடி வரலாம். மெயின் சுவிட்சை அணையுங்கள், சிலிண்டரை மூடி மேலே ஏற்றுங்கள், பள்ளிக்கூட முகாமுக்குச் செல்லுங்கள்."

கைபேசியை மட்டும் நம்ப முடியாது. மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும். பேட்டரியில் இயங்கும் சைரனும் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியும் வார்டுக்கு ஒன்றாவது தேவை. படுக்கையில் இருப்போர், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளர்கள் மூலம் முன்கூட்டியே எடுத்துவைத்தால் படகு முதலில் எங்கே போக வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது. திருட்டுப் பயத்தால் வீட்டைவிட்டு வர மறுப்பவர்கள் நிறையப் பேர். காலியான தெருக்களில் இரவுக் காவல் ரோந்து உண்டு என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் தீரும்.

இப்பணிகளைச் செப்டம்பர் இறுதிக்குள் முடித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதால், அங்கும் இதே மட்டத்தில் குறி வரைய அம்மாவட்ட ஆட்சியருக்குத் தாங்கள் எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முடிச்சூர் அடையாற்றங்கரைக் குடியிருப்போர்