மெழுகு பிளாக்கில் வந்த டி

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு மாலை

கண்ணு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். பன்னிரண்டு பழைய மெழுகு பிளாக்கில் (ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்த கட்டித் திசு) ஒன்பதில், புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் பிறழ்வு. ஏறக்குறைய எல்லாமே டிஎன்ஏவில் சி (சைட்டோசின்) இருந்த இடத்தில் டி (தைமின்), அளவு படித்த நகல்களில் 3, 4 சதவீதம். ஆய்வு கைடிடம் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடு.

எனக்கு இது கட்டியின் வேலையாகப் படவில்லை, ஃபார்மலினின் வேலை. ஃபார்மலினில் ஊறிய டிஎன்ஏவில் சைட்டோசின் அமினோ குழுவை இழந்து யுராசிலாகிவிடும். டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதி அதை டி என்றே படித்து எதிரே ஏ வைக்கும். அப்படி நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முடியும்போது அது நிஜப் பிறழ்வு மாதிரியே நிற்கும். எதிர் இழையில் இதுவே ஜி போய் ஏ என்று தெரியும், இரண்டையும் சேர்த்து எண்ணு.

பிசிஆருக்கு முன் யுராசிலை வெட்டியெடுக்கும் யுராசில் டிஎன்ஏ கிளைகோசிலேஸ் நொதியைப் போட்டால் பாதி பிரச்சினை தீரும். மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்ப்பது. மெத்தில் என்ற சிறு வேதிக் குழு ஏறிய சைட்டோசின் கெட்டால் யுராசில் ஆகாது, நேரே தைமின் ஆகும். அதை அந்த நொதி தொடாது. டிபி53-இல் அடிக்கடி அடிபடும் 175, 248, 273 எண் கோடான்கள் மூன்றும் அப்படி மெத்தில் ஏறும் சிஜி (சி-க்கு அடுத்து ஜி) இடங்களே. ஆக அங்கே பொய்யும் வரும், மெய்யும் வரும். பிளாக்கிலிருந்து சீவிய வேறு செக்‌ஷனிலிருந்து புதிதாக டிஎன்ஏ எடுத்து, முதலிலிருந்து ஓட்டு. மெய் அதே இடத்தில் திரும்ப வரும், பொய் இடம் மாறும். ஒரே டிஎன்ஏவை இரண்டு முறை ஓட்டிவிட்டு "ரிப்பீட் பண்ணிட்டேன்" என்று சொல்லாதே.

எவ்வளவு டிஎன்ஏ போட்டாய் என்று எழுதவில்லையே? 10 நானோகிராமில் சுமார் 3,000 நகல் இருக்கும். பழைய பிளாக்கில் பெரும்பாலும் துண்டு துண்டு. பெருகக்கூடியது 30 நகல்தான் என்றால், கெட்டுப்போன ஒரே நகல் 3 சதவீதமாகக் காட்டும். உன் எண்ணும் அதுதான். செக்‌ஷனில் பாதிக்கு மேல் கட்டிச் செல் என்று பேத்தாலஜிஸ்ட் எழுதியிருந்தால், செல்லின் இரண்டு மரபணு நகலில் ஒன்றில் உள்ள நிஜப் பிறழ்வு 25 சதவீதத்துக்குப் பக்கம் வர வேண்டும். பிளாக் மாற்றும்போது சீவும் மைக்ரோடோம் பிளேடையும் மாற்று, ஒன்றின் திசு இன்னொன்றில் ஒட்டக் கூடாது. மேலே உள்ள முதல் செக்‌ஷனைத் தூக்கி எறி.

பன்னிரண்டு போதாது என்று புலம்பாதே. விழித்திரைப் புற்று வந்த 48 பேரின் விவரத்தை வைத்துத்தான் 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 'இரண்டு அடி', அதாவது மரபணுவின் இரண்டு நகலும் கெட்டால்தான் புற்று, என்று கணக்குப் போட்டார். அந்தப் புற்றுக்குக் காரணமான ஆர்பி மரபணு கையில் கிடைக்க 1986 ஆயிற்று. எந்த வயதில், ஒரு கண்ணா இரண்டு கண்ணா, குடும்பத்தில் வேறு யாருக்கு என்பதெல்லாம் அவரிடம் சுத்தமாக இருந்தது.

தையில் பாலக்கோடு பக்கம் ரத்தம் எடுக்கப் போகும்போது அதை நினைத்துக்கொள். "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "உங்க மாமியார் உங்க அப்பாவுக்கு என்ன முறை?" என்று கேள், அத்தை மகனைக் கட்டியது வெளியே வரும். அது முக்கியம், சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கலாம். பிஆர்சிஏ2 மரபணுவில் ஒரு நகல் பழுதானால் மார்பகப் புற்றுக்கு வாய்ப்பு கூடும், இரண்டுமே பழுதாகப் பிறக்கும் பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும் ஃபான்கோனி ரத்தசோகை. அப்பா வழியையும் விடாமல் கேள். அப்பாவுக்கு ஒன்றும் வராமலே மகளுக்குக் கடத்தியிருப்பார். "வயித்துல கட்டி" என்றால் கர்ப்பப்பையா, சினைப்பையா, குடலா என்று பழைய சீட்டைப் பார்க்காமல் எழுதாதே.

ரத்தம் உறையாமல் வைக்க ஊதா மூடி ஈடிடிஏ குழாய் மட்டும் எடுத்துப்போ. பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும், அது பிசிஆரைக் கெடுக்கும். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்து. குலுக்கினால் சிவப்பணு உடையும். ஐஸ் பேக் நேராகக் குழாயில் படாமல் துணி சுற்று, பஸ்ஸில் உறைந்துவிடப் போகிறது. தெர்மாகோல் பெட்டி பரண் மேல்தான் இருக்கிறது, மூடியில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. வேறு வாங்கி வைக்கிறேன்.

அம்மா