தேத்தண்ணி ஊற்றுகிற வேலையை விடாதே

அன்புள்ள மகளுக்கு,

ஸ்டூடியோவில் தேத்தண்ணி ஊற்றுவதும் சாமான் தூக்குவதுமாகவே நாள் போகிறது, எழுத நேரமில்லை, வேலையை விடட்டோ என்று கேட்டிருந்தாய். விடாதே பிள்ளை.

‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ என்ற பிபிசி டிவி பகிடித் தொடரை எழுதிய ஜான் சல்லிவன் லண்டனில் எங்கள் டூட்டிங்குக்குப் பக்கத்தில், பால்ஹாமில் பிறந்தவர். தகப்பன் பிளம்பர். மகன் 15 வயதில் ஒரு சோதனையும் பாஸ் பண்ணாமல் பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுதி அனுப்பியதெல்லாம் வருஷக்கணக்காகத் திரும்பி வந்தது. சரி, உள்ளே போய்த்தான் பார்ப்போமே என்று பிபிசியில் செட் சாமான் தூக்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பாரில் டென்னிஸ் மெயின் வில்சன் என்ற தயாரிப்பாளரைப் பிடித்து, நாங்கள் சேர்ந்து வேலை செய்யப் போகிறோம், அதுதான் அறிமுகம் செய்துகொள்ள வந்தேன் என்றாராம். துணிச்சலைப் பார்! அந்த மனுசனும் துரத்தவில்லை, முதலில் சின்னச் சின்னப் பகிடிக் காட்சிகள் எழுதிப் பழகு என்றார். 1977இல் அவர் எழுதிய ‘சிட்டிசன் ஸ்மித்’ தொடர் வந்தது, 1981இல் டெல் பாய் என்ற கதாநாயகனோடு ‘ஒன்லி ஃபூல்ஸ்’. முதல் சீரிஸை ஆட்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1996 டிசம்பர் 29 அன்று வந்த பகுதியைப் பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர்.

எனக்கு அவரில் பிடித்தது வேறு. 1984 டிசம்பரில், படப்பிடிப்பு நடக்கும்போதே அந்தத் தொடரில் தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் இறந்துபோனார். சல்லிவன் வேறு ஆளைப் போட்டு மூடி மறைக்காமல் செத்த வீட்டையே எழுதினார். அழுதுகொண்டே பேரன்மார் தாத்தாவின் தொப்பி என்று குழிக்குள் போட்டது பாதிரியாரின் தொப்பி! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்து பார்த்தேன்.

அப்புறம் அதே தொடரில் வரும் அந்தச் சரவிளக்குக் காட்சி. இரண்டு பேர் ஏணியில் நின்று ஒரு விளக்குக்குக் கீழே துணியை விரித்துப் பிடிக்க, மேல்மாடியில் தாத்தா கழற்றியது மற்ற விளக்கை. அது சல்லிவனின் தகப்பன் இளவயதில் வேலைக்குப் போன இடத்தில் நடந்தது, வேலையாட்களை வேலையிலிருந்தே நிற்பாட்டிவிட்டார்கள். அதைச் சொல்லக் கேட்டு மகன் விழுந்து விழுந்து சிரிக்கத் தகப்பனுக்குக் கோபம், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று.

நீயும் கதை தேடி எங்கேயும் அலையாதே. பெரியம்மாவின் கல்யாணத்தில் சமையல்காரன் பாதியில் ஓடினானே, அதை எழுது, நான் அவவுடன் கதைக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் சோற்றுக்குப் போட்ட சண்டையை மட்டும் இப்போதைக்கு விடு, பெரியப்பா இன்னும் அதற்குச் சிரிக்கிற நிலைக்கு வரவில்லை.

அன்புடன்
அப்பா