காலை 6 மணிக்கு இங்கே காட்டுமாடு நிற்கும்

அடுத்த ஊரடங்கு ஆணையை எழுதப்போகும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து எழுதுகிறேன். கொரோனா காலத்தில் போட்டதுபோல இன்னொரு ஊரடங்கு வரவே கூடாது என்றுதான் பூம்பாறை குழந்தை வேலப்பரிடம் வேண்டிக்கொள்கிறேன். ஒருவேளை வந்தால், அந்த ஆணையில் மலைக்கென்று நாலு வரி தனியாக எழுதுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் கடை நேரம். 2021 மே மாத நடுவில் மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் காலை 6 முதல் 10 வரைதான் என்று அறிவித்தீர்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குள் போ என்பது மதுரைக்குச் சரி, திண்டுக்கல்லுக்கும் சரி. இங்கே அந்த நேரத்தில் எதிரே வருகிற ஆள் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருக்கும். ராத்திரியெல்லாம் மேய்ந்த காட்டுமாடுகள் சோலைக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். வண்டிச் சத்தம், ஆள் நடமாட்டம் எதுவும் இல்லாததால் அந்த மே மாதம் அவற்றுக்கும் திரும்புகிற அவசரம் இல்லை. ஒருநாள் எங்கள் தெருமுனையில் ஒன்று குறுக்கே நின்றது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் முக்கால் மணி நேரம் சுவரோரமாக நின்றோம். எங்களை எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் இருந்தது, அதைக் கேட்க ஆள் இல்லை.

நாங்களாவது பக்கத்தில் இருக்கிறோம். பஸ் ஓடாத நாட்களில் வில்பட்டியிலிருந்தும் பள்ளங்கியிலிருந்தும் நடந்தே வந்தவர்கள் உண்டு. அவர்கள் வந்து சேரும்போது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பார். அதே நாலு மணி நேரத்தைக் காலை 10 முதல் 2 வரை என்று எழுதியிருந்தால் உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் அந்தக் குளியல். கடைக்குப் போய்வந்தால் உடுப்பைக் கழற்றித் துவைக்க வேண்டும், தலைக்குக் குளிக்க வேண்டும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் முதல் வாரம் பக்தியாகச் செய்தேன். இங்கே ஒரு ஸ்வெட்டர் காய நல்ல நாளிலேயே இரண்டு நாள் ஆகும். சாரல் பிடித்துவிட்டால் ஒரு வாரமானாலும் ஈரம் விடாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தியதில் சீருடையிலிருந்து தலையணை உறை வரை எல்லாவற்றிலும் புகை வாடை. பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் வெந்நீர் வைத்தால் சிலிண்டர் தாங்காது. என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, கொரோனா கொல்லுதோ இல்லையோ, நீ இப்படியே குளிச்சா ஜன்னி வந்து போயிருவ" என்றார்.

கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு 'கடை ஸ்வெட்டர்' உருவானது. என் வீட்டுக்காரருடைய பழையது. வாசலுக்கு வெளியே ஆணியில் தொங்கும். கடைக்கு யார் போனாலும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போக வேண்டும், வந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும். எனக்கு முழங்கால் வரை வரும், மகனுக்கு அதையும் தாண்டி. அது சரியா தப்பா என்று சொல்ல யாரும் இல்லை. குளிர் ஊரில் துணியை என்ன செய்வது என்று ஒரு டாக்டரைக் கொண்டு ஒரு நிமிஷம் பேச வைத்திருக்கலாம்.

மே 24 முதல் மளிகை, காய்கறிக் கடைகளையும் மூடி, காய்கறியை வண்டியில் அனுப்பினீர்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலையில் வீடு சாலையில் இருக்காது. எங்கள் வீடு சாலையிலிருந்து 80 படி கீழே. ஹாரன் கேட்டு, பையை எடுத்து, மூச்சு வாங்க மேலே ஏறிப் பார்த்தால் வண்டி அடுத்த வளைவில் இருக்கும். மூன்றாவது நாள்தான் பிடித்தேன். கேரட் வாடியிருந்தது. எந்த ஊர்க் கேரட் தம்பி என்று கேட்டேன். "பூம்பாறைக் கேரட்தான்க்கா, ஒட்டன்சத்திரம் போயிட்டு வருது" என்றான் பையன், கொஞ்சமும் சிரிக்காமல். இருபது கிலோமீட்டருக்குள் விளைந்த கேரட் மலையிறங்கி மார்க்கெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப மலையேறி என்னிடம் வந்திருக்கிறது. அதே வாரம் பூம்பாறையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் முட்டைக்கோஸை விற்க வழியில்லாமல் வெட்டி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேல்மலைத் தோட்டத்திலிருந்து நேரே டவுனுக்கு நாலு வண்டி விட்டிருந்தால் அவருக்கும் காசு, எங்களுக்கும் வாடாத காய்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். ஏப்ரல், மே இரண்டு மாதச் சீசன் காசில்தான் மழைக்காலத்தை ஓட்டுவோம். 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு சீசன் போனது. முதல் வருஷம் நீங்கள் கொடுத்த 1,000 ரூபாயும், அடுத்த வருஷம் இரண்டு தவணையாக வந்த 4,000 ரூபாயும், 14 வகை மளிகைப் பையும் உண்மையிலேயே உதவின. பையனின் படிப்பு கல்வித் தொலைக்காட்சியில் நடந்தது, காற்றடித்தால் கரண்ட்டோடு அதுவும் போகும்.

மாத்திரைதான் பெரிய பாடு. மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும். அப்போது மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்க வேண்டியிருந்தது. ஆட்டோ கிடையாது. அவரை ஏற்றத்தில் கைத்தாங்கலாக நடத்திப் போய், "மாத்திரை முடிஞ்சிருச்சு, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு இறக்கத்தில் கூட்டிவந்த ஒரு நாள் எனக்கு மறக்காது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு மாத்திரை வீடு தேடி வருகிறது. அதை முதல் ஊரடங்கின் முதல் வாரமே செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். அன்றைக்குச் சாலையே இல்லாத வெள்ளகவி கிராமத்தை நினைத்துப் பாருங்கள். வட்டக்கானலுக்கு ஏறினால் திண்டுக்கல் மாவட்டம், கும்பக்கரைக்கு இறங்கினால் தேனி மாவட்டம். ஒற்றையடிப் பாதையில் மாவட்ட எல்லை எங்கே இருக்கிறது என்று மாவட்டம் தாண்ட ஈ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டைக் கேட்டவர்கள் யோசித்தார்களா?

மலைக்குத் தனி விதி எழுத முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2020 செப்டம்பரில் மாநிலத்துக்குள் ஈ-பாஸ் வேண்டாம் என்றபோதும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர்க்காரர்கள் வர அனுமதி வாங்கத்தான் வேண்டியிருந்தது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சுற்றுலா வண்டிகளுக்கு மறுபடியும் ஈ-பாஸ். மேலே வருகிறவர்களுக்கு மலை தனி என்று தெரிந்திருக்கிறது. மேலேயே இருக்கிறவர்களுக்கும் அப்படி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வண்டி அனுப்பினால் ஓட்டுகிற தம்பிகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ஹாரன் அடித்த பிறகு படிக்கட்டுத் தலைப்பில் 10 நிமிஷம் நிற்கட்டும். அந்த 80 படியில் என் மாமியார் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழ வேண்டும்.

இப்படிக்கு,
நாயுடுபுரத்துக் குடும்பத் தலைவி ஒருத்தி