எல்லாமே ‘நெரிசல்’ தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பேப்பரின் மதுரைப் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று இடத்தில் ‘நெரிசல்’ பார்த்தேன். காளவாசலில் வண்டிகள் தேங்கி நின்றதற்குப் ‘போக்குவரத்து நெரிசல்’, விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் ஆள் சேர்ந்ததற்குக் ‘கூட்ட நெரிசல்’, அப்புறம் வெளியூர்த் திருவிழா ஒன்றில் ஆட்கள் மிதிபட்டுச் செத்ததற்கும் அதே ‘நெரிசல்’. முதல் இரண்டில் யாருக்கும் நகக்கீறல்கூட இல்லை. மூன்றாவதில் உயிர் போயிருக்கிறது. சொல் மட்டும் ஒன்று.

நான் இங்கே ஒரு அச்சகத்தில் இருபது வருஷம் புரூப் பார்த்தவன், அதாவது அச்சுப்பிழை திருத்தியவன். அதனால் இது எப்படி நடக்கிறது என்றும் தெரியும். ‘நெரிசல்’ நாலெழுத்து, ஒற்றைப் பத்தித் தலைப்பில் சிக்கென்று உட்காரும். ராத்திரி பதினொரு மணிக்கு யார் வேறு சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் நெரி என்றால் என்ன என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கழுத்தை நெரித்தான் என்போம், கோபத்தில் புருவத்தை நெரித்தான் என்போம், எலும்பு நெரிந்துவிட்டது என்போம். இரண்டு பக்கமும் அழுத்தி நடுவில் உள்ளதற்கு வழியே இல்லாமல் செய்வதுதான் நெரிப்பது. நெருக்குவது அது இல்லை. திருமங்கலம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் பண்ண கண்டக்டர் ‘நெருக்கி உக்காருங்க’ என்றுதான் சொல்வார், நெரித்து உட்காரச் சொன்னால் யார் உட்காருவார்கள்?

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா பூக் கட்டுகிறார். காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லி மொட்டு எடுத்துவந்து, வாழைநாரில் கட்டி, சாயங்காலம் முழம் போட்டு விற்பார். முழத்தை நீட்டிக் காட்டுவதற்காக எட்ட எட்டக் கட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. ‘நம்மளது நெருக்கிக் கட்டுனது, பாத்து வாங்குங்க’ என்பார். அந்த நெருக்கத்தில் ஒரு மொட்டுகூட நசுங்கியிருக்காது, நாரை இறுக்குகிற விரலுக்கு அந்த அளவு தெரியும். கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் காம்பு நெரிந்துபோகும், அந்த இடம் கறுத்துவிடும். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், நல்ல விஷயம்தான், கூடவே இந்த விரலுக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம். நெருக்குவதற்கும் இறுக்குவதற்கும் நசுக்குவதற்கும் நெரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அக்காவுக்கு விரலிலேயே இருக்கிறது.

அடுப்படிக்குப் போனால் இன்னும் கண்டிப்பு. பூண்டை நசுக்கிப் போடுவார்கள், மாவைப் பிசைவார்கள், தேங்காய்ப்பாலைப் பிழிவார்கள், ஓமவல்லி இலையைக் கசக்குவார்கள். ஊறுகாயை ஜாடியில் அமுக்கி வைப்பார்கள். இதில் ஒன்றை மாற்றிச் சொல்லுங்கள் பார்ப்போம், மாவைக் கசக்கு என்றால் வீட்டில் சிரிப்பார்கள். ‘அமுக்கு’ மட்டும் அடுப்படியோடு நிற்பதில்லை, ஃபைலை அமுக்கிவிட்டார்கள், திருடனைப் போலீஸ் அமுக்கியது, தூக்கத்தில் அமுக்குவான் பேய் அமுக்கியது என்று எங்கெங்கோ போகும். ‘இடுக்கு’ பாவம், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற அளவோடு சரி, ஆனால் மலை இடுக்கிலிருந்து ஒரு கேரள மாவட்டத்துக்கே பெயர் வந்திருக்கிறது.

ஒரே பொருளுக்குப் பல சொல் இருக்கும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டதே என்று யாராவது எனக்குப் பதில் எழுதக்கூடும். ‘பலசொல் ஒருபொருட்கு உரிமை தோன்றினும்’ என்று அதன் உரியியல் என்ற இயலில் இருக்கிறது, சரிதான். உறு, தவ, நனி மூன்றுக்கும் மிகுதி என்று பொருள் சொல்கிற இடமும் அதே இயல்தான். ஆனால் பூண்டும் மாவும் மல்லிச்சரமும் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவு தூரம் எழுதக் காரணம் 2022. கொரோனாவால் இரண்டு வருஷம் ஜனங்கள் இல்லாமல் நடந்த சித்திரைத் திருவிழா அந்த ஏப்ரலில்தான் மறுபடியும் ஜனங்களோடு நடந்தது. 16-ஆம் தேதி கள்ளழகர் ஆற்றில் இறங்கியபோது வைகைக் கரையில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் செத்துப்போனார்கள். அது நெரிசல். அழகரைப் பார்க்க வருஷா வருஷம் தோளோடு தோள் ஒட்டி நின்று, தண்ணீர் பீய்ச்சி, வேர்வையோடு வீடு திரும்புவது நெருக்கம், அதை இந்த ஊர்க்காரன் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுப் போட்டு, இப்போது ‘கூட்ட நெரிசல்’ என்று தலைப்பைப் பார்த்தால் யாரும் பதறுவதில்லை, தீபாவளித் துணி வாங்கப் போன கூட்டமாக இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

வண்டிகள் நின்றால் ‘தேங்கின’ என்று போடுங்கள். கடையில் கூட்டம் என்றால் ‘முண்டியடித்தது’ போதும், ‘அலைமோதியது’ கொஞ்சம் பழசு, இருந்தாலும் பரவாயில்லை. இடம் பற்றாவிட்டால் ‘நெருக்கடி’ இருக்கிறது, ஓரெழுத்துதான் கூடுதல், எழுத்தின் பாயிண்ட் அளவைக் கொஞ்சம் குறைத்தால் ஒற்றைப் பத்தியில் நெருக்கி உட்காரவைத்துவிடலாம்.

இப்படிக்கு,
பழைய புரூப் ரீடர் ஒருவர்,
மதுரை.